அமுங்கும் சோபாவும் இனாம் படகும்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம், என் சாம்பல் நிறக் கால்சட்டை ஒன்றைத் தவிர. அது போன செவ்வாய்க்கிழமை காலமாகிவிட்டது. அங்கே உன் ரத்த அழுத்தமும் அத்தானின் முழங்காலும் எப்படி இருக்கின்றன?

கால்சட்டை விவகாரத்தை வெட்கத்தை விட்டு நானே சொல்லிவிடுகிறேன். எப்படியும் என் வீட்டுக்காரி உனக்குச் சொல்லத்தான் போகிறாள். அவள் சொன்னால் கிழிசல் இன்னும் ஒரு சாண் நீளும். எங்கள் வெளியுறவு அமைச்சகத்தில் பேச்சுவார்த்தை நடக்கும் பெரிய அறைக்குப் புது சோபா வந்தது. விருந்தினர் பிரிவில் நாற்காலி, மேசைக்கொடி, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றுக்கும் பொறுப்பு நான்தானே. சரியாக அமுங்குகிறதா என்று பார்க்க, பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் உட்கார்ந்தேன். அமுங்கியது. முழங்கால் முகவாயில் இடிக்கிற அளவுக்கு அமுங்கியது. எழுந்திருக்க முயன்றால் பிளாஸ்டிக் வழுக்கி இன்னும் ஆழத்துக்குப் போனேன். அந்த நேரம் பார்த்து அமைச்சர் உள்ளே வந்தார். பின்னாலேயே எங்கள் இயக்குநர் கத்தரிக்கோல். யார் பேசினாலும் பாதியில் வெட்டுவதால் நாங்கள் வைத்த பெயர் அது.

“யார் இவரு, விருந்தாளியா?” என்றார் அமைச்சர்.

“நம்ம ஆளுதான் சார்.”

“அப்ப எழுந்திருக்கச் சொல்லுங்க.”

“அதுக்குத்தான் சார் பாடுபட்டுக்கிட்டு இருக்கேன்,” என்றேன் பள்ளத்திலிருந்து.

இரண்டு காவலர்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். நான் வந்தேன். கால்சட்டையின் பின்பகுதி வரவில்லை.

ஒரு சோபாவுக்கு இத்தனை பாடா என்று கேட்பாய். எங்கள் அலுவலகத்தில் பக்கத்து நாட்டை யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. ‘பெரிய வீடு’ என்போம். அப்படியானால் நாம் யார் என்று மட்டும் கேட்டுவிடாதே. இருபது வருடத்துக்கு முன்னால், கோப்பு தூக்கும் குமாஸ்தாவாக நம் குழுவோடு நான் பெரிய வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே நமக்குப் போட்டது அச்சு அசலாக இதே மாதிரி சோபா. அவர்கள் எதிரே நிமிர்ந்த மர நாற்காலிகளில். நாம் அண்ணாந்து பார்த்துத்தான் பேசவேண்டும். அப்போதைய நம் அமைச்சர், எப்படியாவது இதிலிருந்து வெளியே வந்தால் போதும் என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அப்படி வந்ததுதான் உன் கப்பல் பட்டறை மூலையில் துருவேறிக் கிடக்கிற இனாம் ரோந்துப் படகு. படகுதான் இனாம். உதிரிபாகம் அவர்களிடம் மட்டும் கிடைக்கும். கடலில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதையும் அவர்களைக் கேட்டுக்கொண்டு போகவேண்டும்.

இந்தத் தடவை அவர்கள் இங்கே வருகிறார்கள். எதைப் பேச வருகிறார்கள் என்பது ரகசியம். எதில் உட்காரப் போகிறார்கள் என்பது ரகசியமில்லை, அது என் இலாகா.

அத்தானுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
கிழிந்தும் கலங்காத உன் தம்பி

பி.கு.: புது கிரேன் வாங்கப்போவதாக அத்தான் சொன்னாரே, அதைக் கொஞ்சம் ஆறப்போடச் சொல். காரணம் ஒன்றுமில்லை.


ஜனவரி 26

தம்பிக்கு ஆசிகள்.

ரத்த அழுத்தம் மாத்திரைக்குக் கட்டுப்பட்டிருக்கிறது. அத்தானின் முழங்கால் யாருக்கும் கட்டுப்படவில்லை. உன் கடிதத்தை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வெல்டர்களுக்கு வாசித்துக் காட்டினேன். போன தடவை வந்தபோது கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு பட்டறை முழுக்க அதையே தேடினாயே, அதற்குப் பிறகு அவர்கள் இவ்வளவு சிரித்து நான் பார்க்கவில்லை. தலைமை வெல்டர், “சாருக்குத் தகரத்துல ஒரு கால்சட்டை அடிச்சு அனுப்பிடலாமா அம்மா?” என்று கேட்கிறார். இடுப்பளவு எழுது.

பி.கு. விஷயத்துக்கு வருகிறேன். காரணம் ஒன்றுமில்லை என்று நீ எழுதினால் காரணம் கனமானது என்று அர்த்தம். ஜன்னலை உடைத்த அன்றும் அப்பாவிடம் நீ இதையேதான் சொன்னாய். கிரேனுக்குச் சொல்லி முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. ஆறப்போட அது என்ன காப்பியா?

இங்கே வேலை தலைக்கு மேல். கப்பலைக் கரையேற்றுகிற சாய்தளத்தில் இரண்டு, தண்ணீரில் ஐந்து. அதில் மூன்று உன்னுடைய பெரிய வீட்டுக்காரர்களுடையவை. அந்த ஊர் கேப்டன் ஒருத்தர் நேற்று வந்து, “எங்க கப்பலை முதல்ல எடுங்கம்மா, நாங்க பெரிய நாடு” என்றார். “பெரிய நாடுன்னா வரிசையில நிக்கறதுக்குப் பெரிய மனசும் இருக்கும், நில்லுங்க” என்றேன். நின்றுகொண்டிருக்கிறார்.

போனில் கேட்கலாம்தான். இந்த இரைச்சலில் நான் திட்டுவது மட்டும்தான் உனக்குக் கேட்கும். அதனால் எழுது. எதற்காக ஆறப்போட வேண்டும்?

தம்பி பெண்டாட்டியின் பல்வலி எப்படி?

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறோம். வீட்டுக்காரியின் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கியாகிவிட்டது. ஒரு நாள் முழுக்க அவள் பேசவில்லை. பல் வைத்தியருக்கு நன்றிக் கடிதம் எழுதலாமா என்று நான் யோசித்ததை அவள் எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள். இடுப்பளவு நாற்பத்திரண்டு. தகரம் கொஞ்சம் மெல்லியதாக இருக்கட்டும்.

கிரேனைப் பற்றி நான் எழுதியதை மறந்துவிடு. நான் அதை எழுதியிருக்கக் கூடாது. இனிமேல் என் கடிதங்களில் சோபாவைப் பற்றி மட்டும்தான் இருக்கும்.

ஆனால் சோபாவைப் பற்றிச் சொல்லவே நிறைய இருக்கிறது. ஒருகாலத்தில் நம்மிடம் விற்பதற்கு மீனையும் மரத்தையும் தவிர என்ன இருந்தது? அன்றைக்குப் பெரிய வீட்டிலிருந்து மூன்றாம் நிலை அதிகாரி வந்தாலும் நம் அமைச்சர் விமான நிலையத்தில் போய்க் காத்துக்கிடப்பார். இன்றைக்கு அவர்கள் ஊர்ப் பேருந்தில் இருக்கை நம்முடையது, அவர்கள் ஆஸ்பத்திரியில் குத்துகிற ஊசி நம்முடையது. அதனால் போன வாரம் அவர்களுடைய துணை அமைச்சர் ஒருவர் எங்கள் தாழ்வாரத்தில் முக்கால் மணி நேரம் காத்திருந்தார். படிக்க வேறு எதுவும் இல்லாததால் தீயணைப்புக் கருவியில் ஒட்டியிருக்கிற குறிப்பைத் திரும்பத் திரும்பப் படித்தார். இப்போது எங்கள் கட்டடத்தில் தீப்பிடித்தால் என்ன செய்யவேண்டும் என்று மிகச் சரியாகத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். நான் அந்தப் பக்கமாக நாலு தடவை வேண்டுமென்றே நடந்தேன். மனுஷனுக்கு அற்ப சந்தோஷம் இருக்கக் கூடாதா?

முந்தாநாள் கத்தரிக்கோலின் அறைக்குப் போய் ஒரு விஷயம் சொல்லவேண்டியிருந்தது. சொன்னேன். அதிசயமாக இருக்கிறது அக்கா, கடைசிவரை வெட்டாமல் கேட்டார்.

அத்தானை அந்த முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

அன்புத் தம்பி


மார்ச் 2

தம்பிக்கு,

சௌக்கியமா என்று கேட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

திங்கட்கிழமை நாலு பேர் முக்காலி மேல் அளவுக் கருவியை வைத்துக்கொண்டு வந்தார்கள். நம் அரசாங்க ஆட்கள் இரண்டு பேர், பெரிய வீட்டு ஊர்க்காரர்கள் இரண்டு பேர். துறைமுகத்தை அந்தக் கோடியிலிருந்து அளந்துகொண்டே வந்து, என் சாய்தளத்தைத் தாண்டி, பெயிண்ட் கிடங்கின் சுவரில் சிவப்பாக ஒரு கோடு போட்டார்கள். “என்னய்யா இது?” என்றேன். “ஒண்ணுமில்லைம்மா, சும்மா அளவுதான்” என்றான் ஒருத்தன். சும்மா அளப்பதற்கு யாராவது விமானம் ஏறி வருவார்களா? அந்த ஊர்க்காரன் ஒருத்தன் கைபேசியில் என் பட்டறையைப் படம் பிடித்தான், கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவன் மாதிரி.

ஊரில் பேச்சு இதுதான். துறைமுகத்தைத் தொண்ணூற்றொன்பது வருடத்துக்கு அவர்களிடம் குத்தகைக்கு விடப்போகிறார்களாம், பட்டறையும் அதற்குள் போகிறதாம். நானும் அத்தானும் இருபத்தாறு வருடமாகக் கட்டி எழுப்பின இடம் இது. அறுபது பேர் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு நான் என்ன சொல்லவேண்டும்?

ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரே ஒரு வார்த்தை எழுது. அது போதும்.

அக்கா


மார்ச் 30

தம்பிக்கு,

நான்கு வாரமாகிவிட்டது. உனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை என்று உன் பெண்டாட்டியிடம் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நன்றாகச் சாப்பிடுகிறாயாம். சந்தோஷம்.

இங்கே அத்தான் சாப்பிடுவதைக் குறைத்துவிட்டார். சிவப்புக் கோட்டுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து அதையே பார்க்கிறார். நேற்றுக் காலையில் தலைமை வெல்டர் அதன் மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டார். சாயங்காலம் அது மறுபடியும் தெரிந்தது. “அரசாங்க பெயிண்டும்மா, நாமதான் சப்ளை பண்ணோம், நல்ல சரக்கு” என்கிறார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் சிரித்து வைத்தேன்.

உன்னிடம் கோபமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். உன்னை மளிகைக்கடையில் வேலைக்கு வைத்திருந்தால் ஊர்க்கதை முழுக்க உன் வாயிலிருந்து கொட்டும். தெருவில் யார் வீட்டுத் திருமணம் எதனால் நின்றது என்று இரண்டு பக்கம் எழுதுகிறவன், சொந்த அக்காவுக்கு ஒரு வார்த்தை எழுத முடியவில்லை.

சரி, நீ எழுதாததையே நான் பதிலாக எடுத்துக்கொள்கிறேன். நீ வாயை மூடிக்கொண்டிருக்கிற அளவுக்கு ஒரு விஷயம் இருக்கிறது என்றால் அது நிஜமாகவே இருக்கிறது. இனி நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கும் நாலு இடத்துக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது.

அக்கா


ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கே எல்லோரும் நலமாக இருக்கவேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை.

எழுத ஒன்றுமில்லை என்பதை எழுதுவதற்கே பல தடவை உட்கார்ந்து எழுந்தேன். உன் கேள்விக்கு ஆமாம் என்றும் எழுத மாட்டேன், இல்லை என்றும் எழுத மாட்டேன். எனக்கு மனசு இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதே. மனசு இருக்கிற இடத்தில் வாய் இருக்கக் கூடாத சமயம் இது.

மற்றபடி இங்கே மழை முன்கூட்டியே பிடித்துக்கொண்டது. எங்கள் தெரு வழக்கம்போல் ஏரியாகிவிட்டது. பக்கத்து வீட்டு ஆடிட்டர் ஒரு கையில் செருப்பும் மறுகையில் பெட்டியுமாகத் தாண்டிப் போகிற அழகைப் பார்க்கவேண்டும். அலுவலகத்தில் எனக்கு ஒரு புதுக் குடை கொடுத்திருக்கிறார்கள். கறுப்பு, பெரியது, மூன்று பேர் தாராளமாக நிற்கலாம். வளைந்த மரக் கைப்பிடி. பரவாயில்லை, நல்ல குடை.

சோபா பத்திரமாக இருக்கிறது.

அத்தானைச் சாப்பிடச் சொல். நான் சொன்னேன் என்று சொல்.

உன் தம்பி


மே 21

என் அருமை அக்காவுக்கு,

காலைப் பேப்பரைப் பார்த்திருப்பாய். பார்க்கவில்லை என்றால் இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு முதலில் அதைப் பார். பார்த்தாயா? இனி நான் வாய் திறக்கலாம். மூடி மூடி எனக்குத் தாடையே வலிக்கிறது. முதலில் நலம் விசாரிக்க வேண்டும், மறந்துவிட்டேன்: எப்படி இருக்கிறீர்கள்? இன்றைக்கு நன்றாகத்தான் இருப்பீர்கள்.

நடந்ததை நேரில் பார்த்தமாதிரி சொல்கிறேன், கேள். பெரிய வீட்டிலிருந்து ஆறு பேர். தலைமை தாங்கி வந்தவர் நல்ல உயரம், நரைத்த மீசை, எதைப் பார்த்தாலும் விலை கேட்கப் போகிறவர் மாதிரி ஒரு பார்வை. “உட்காருங்க” என்று சோபாவைக் காட்டினோம். உட்கார்ந்தார். உஸ்ஸ் என்று ஒரு சத்தம். ஆள் இறங்கினார், இறங்கினார், இறங்கிக்கொண்டே இருந்தார். கடைசியில் எங்களுக்குத் தெரிந்தது மீசையும் இரண்டு முழங்காலும்தான். நம் அமைச்சர் எதிரே நிமிர்ந்த மர நாற்காலியில், பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் மாதிரி. இருபது வருடக் கணக்கு அக்கா, அந்த ஒரு நிமிஷத்தில் நேராயிற்று.

“துறைமுகத்தைத் தொண்ணூற்றொன்பது வருஷக் குத்தகைக்குக் கொடுங்க. பதிலுக்குப் புது ரோந்துப் படகு எட்டு, இனாமா தர்றோம்” என்றார் பள்ளத்திலிருந்து.

“இனாம் படகு ஒண்ணு ஏற்கெனவே இருக்குதுங்க. காக்கா உட்கார வசதியா இருக்குது” என்றார் அமைச்சர். “படகை நாங்களே கட்டிக்கறோம். இப்ப அதுக்குக் கையில வசதியும் இருக்கு, கட்டறதுக்கு ஆளும் இருக்கு. உங்க கப்பல் தாராளமா வரட்டும், எல்லாரையும் மாதிரி கட்டணத்தைக் கட்டிட்டு நிக்கட்டும். குத்தகைப் பேச்சு வேண்டாம்.”

“யோசிச்சுச் சொல்லுங்க. கடல்ல ஆயிரம் ஆபத்து. எங்க பாதுகாப்பு இல்லாம எப்படி?”

“உங்க ஊர் பஸ் சீட்டும் ஆஸ்பத்திரி ஊசியும் எங்க கடல் வழியாத்தானே வருது. நாங்க நல்லாப் பார்த்துக்கிட்டா உங்களுக்கும்தான் நிம்மதி.”

முதல் நாள் மீசை முறுக்காக இருந்தது. இரண்டாம் நாள் தொங்கியது. மூன்றாம் நாள் ஒப்புக்கொண்டார்கள். குத்தகை இல்லை, இனாம் இல்லை. சாதாரண வியாபார ஒப்பந்தம், இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி பேனா. கையெழுத்துப் போட்டதும் மீசைக்காரர் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. இரண்டு காவலர்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். அவருடைய கால்சட்டை பிழைத்துவிட்டது. நல்ல துணி.

ரோந்துப் படகுகள் நம் நாட்டுப் பட்டறைகளில்தான் கட்டப்படும் என்று பேப்பரில் போட்டிருக்கிறது. எந்தப் பட்டறை என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். ஆனால் அத்தான் கிரேன் வாங்கியது நல்ல காரியம்.

நாட்டின் பாதுகாப்பை ஒரு சோபாவில் தூக்கி நிறுத்திய,
உன் தம்பி


ஜூன் 4

அருமைத் தம்பிக்கு,

எல்லோரும் நன்றாக இருக்கிறோம். அத்தான் பழையபடி சாப்பிட ஆரம்பித்துவிட்டார், இப்போது அதுதான் கவலை. சிவப்புக் கோட்டை அழிக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஸ்டூல் மட்டும் உள்ளே வந்துவிட்டது.

உன் கடிதத்தை வெல்டர்களுக்கு வாசித்தேன். மீசை இறங்கிய இடத்தை மறுபடி மறுபடி வாசிக்கச் சொன்னார்கள். கடைசியில் தலைமை வெல்டர் எழுந்து நின்று நடித்தே காட்டிவிட்டார்.

பாராட்டியாகிவிட்டது. இப்போது நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். உன்னிடம் முன்னாலேயே சொல்லியிருந்தால் நீ கத்தரிக்கோலிடம் போய்ச் சொல்லவேண்டி வந்திருக்கும். உன் வாயை உனக்காக நானும் கொஞ்சம் பூட்டிவைத்தேன்.

நாலு கடிதம் எழுதவேண்டும் என்றேனே, அந்த நாலும் பெரிய வீட்டுக் கப்பல் முதலாளிகளுக்கு. அவர்கள் ஊர்ப் பட்டறையெல்லாம் போர்க்கப்பல்களுக்கே சரியாகப் போகிறது. சரக்குக் கப்பல் அங்கே போனால் ஒரு வருடம் மிதந்துகொண்டே நிற்கவேண்டும். அதனால்தான் இங்கே வருகிறார்கள். நான் ரொம்ப மரியாதையாக எழுதினேன்: ‘இந்த இடம் உங்கள் அரசாங்கத்துக்குக் குத்தகைக்குப் போவதாகக் கேள்விப்படுகிறேன். போனால் இங்கேயும் போர்க்கப்பலுக்குத்தான் முதல் இடம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகையால் மழைக்காலத்துக்குப் பிறகு தங்கள் கப்பல்களை ஏற்க முடியாத நிலையில் இருக்கிறேன். இத்தனை வருட உறவுக்கு நன்றி.’ அவ்வளவுதான். வசவு ஒன்றுகூட இல்லை.

வரிசையில் நின்றாரே அந்தக் கேப்டன், அவர் சொல்கிறார், முதலாளிகள் நாலு பேரும் அவர்கள் அமைச்சர் வீட்டு வரவேற்பறையில் போய் உட்கார்ந்துவிட்டார்களாம். ஒரு நாள் இல்லை, பல நாள். தேர்தலுக்குக் கொடுத்ததையெல்லாம் நினைவுபடுத்தினார்களாம்.

அவர்கள் உட்கார்ந்தது என்ன சோபா என்று நான் கேட்கவில்லை.

தகரக் கால்சட்டை தயாராகிறது.

அன்புடன்,
அக்கா


ஜூன் 18

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். உன் கடிதம் வந்ததிலிருந்து என் மனநிலை மட்டும் சுமார்.

நீ செய்தது பெரிய காரியம்தான். மறுக்கவில்லை. மறுத்தால் என் வீட்டுக்காரி இருக்கிறாள். உன் கடிதத்தை வாசித்துவிட்டு, “வெளியுறவுத் துறைக்கு உங்க குடும்பத்துல தப்பான ஆளை எடுத்துட்டாங்க” என்கிறாள். பல்லைப் பிடுங்கியும் பிரயோஜனமில்லை.

ஆனாலும் நியாயமாகப் பேசுவோம். முதலாளிகள் வெளியிலிருந்து தள்ளினார்கள், சரி. பெரிய வீடு உள்ளே ஏற்கெனவே கொஞ்சம் இளகித்தான் வந்திருக்கும், சரி. நம் தொழிற்சாலைகள் இல்லையென்றால் உன் நாலு கடிதத்தையும் அவர்கள் குப்பைக்கூடையில் போட்டிருப்பார்கள், அதுவும் சரி. ஆனால் அந்தக் கடைசித் தலையாட்டல் இருக்கிறதே, அதற்கு ஒருவன் உடம்பு புதைந்திருக்கவேண்டும். அந்தக் கட்டத்தில் சோபாவின் பங்கு எப்படியும் கால்வாசி இருக்கும். கால்வாசி கொடு, மீதியை நீயும் நாடும் பிரித்துக்கொள்ளுங்கள்.

என் கண்ணெதிரே அவர் அண்ணாந்து பார்த்ததை மறக்கவே முடியாது.

அத்தானுக்கு அளவாகப் பரிமாறு.

கால்வாசியில் திருப்திப்படும்,
உன் தம்பி


ஆகஸ்ட் 5

தம்பிக்கு ஆயிரம் ஆசிகள்.

எல்லோரும் சௌக்கியம். உன் பெண்டாட்டிக்கு என் அன்பு. அவள் சொன்னதை வெல்டர்களுக்கு வாசிக்கவில்லை, நானே வைத்துக்கொண்டேன்.

முதலில் நல்ல செய்தி. இனாம் படகை வெட்டியாகிவிட்டது. காக்கைகள் இரண்டு நாள் எங்களைத் திட்டின. அது கிடந்த இடத்தில் போன வெள்ளிக்கிழமை நம் ரோந்துப் படகுக்கு முதல் தகடு வைத்தோம். எங்கள் பட்டறைக்கு மூன்று படகு, வடக்குத் துறைமுகத்துப் பட்டறைக்கு ஐந்து. டெண்டரில் ஒழுங்காகக் கலந்துகொண்டு வாங்கியது, உன் பெயரை எங்கேயும் சொல்லவில்லை. முதல் தகட்டை அத்தான்தான் புது கிரேனில் தூக்கினார். முழங்கால் வலி என்று அன்றைக்கு ஒரு முனகல் இல்லை.

அடுத்த செய்தி. நேற்று ஒரு விருந்தாளி வந்தார். நல்ல உயரம், நரைத்த மீசை. ஆமாம், அவரேதான். முதலாளிகளின் கப்பல்கள் எப்போது கிளம்பும் என்று பார்க்க அவர்கள் அரசாங்கமே அனுப்பியிருக்கிறது. நம் பாஷையைத் தப்பும் தவறுமாக நன்றாகவே பேசுகிறார். வரிசையில் உங்கள் கப்பல் எத்தனையாவது என்று காட்டினேன். சிரித்துக்கொண்டார். நல்ல மனுஷன், நீ எழுதியமாதிரி விலை கேட்கிற பார்வையெல்லாம் இல்லை.

பேச்சுவாக்கில், “உங்க தலைநகரத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள் ஒருத்தர் உண்டு” என்றார். “கொட்டுற மழையில வாசல்ல குடையோட நிப்பார். மூணு நாளும் கார் கதவைத் திறந்துவிட்டது அவர்தான். கண்ணாடி நெத்தியில இருக்கும், கதவுப் பிடியைக் கையால தடவித் தேடுவார்.”

வரிசைப் பட்டியலை மூடிவைத்தேன். அவரே தொடர்ந்தார்.

“நாற்காலிக்கெல்லாம் அவர்தான் பொறுப்பாம். ஆனா துறைமுகத்துல அக்காவுக்குப் பட்டறை இருக்குது, அதனால நான் அந்த அறைக்குள்ளயே வரக் கூடாதுன்னு தானாவே போய்ச் சொல்லிட்டாராம். உங்க இயக்குநர் பெருமையாச் சொன்னார். எங்க ஊர்ல அப்படி ஒரு ஆள் கிடைச்சா முதல் நாற்காலியில உட்கார வைப்போம். நீங்க வாசல்ல நிறுத்தறீங்க. இவங்ககிட்ட இனாம் படகு இனிமே செல்லாதுன்னு காரை விட்டு இறங்கும்போதே எனக்குத் தோணிடுச்சு.”

இதைப் படித்துவிட்டு வீங்கிக்கொள்ளாதே. மார்ச் மாதம் நான் எழுதியதில் மளிகைக்கடை பற்றிய இடத்தை மட்டும் அடித்துவிடு. அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார், வெல்டிங் புகை என்று சொன்னார். அன்றைக்கு வெல்டிங் இல்லை.

பார்சலில் தகரக் கால்சட்டை வருகிறது. ஓரங்களைத் தேய்த்திருக்கிறார்கள், இருந்தாலும் பார்த்துப் போட்டுக்கொள். மழையில் நின்ற காலுக்கு எண்ணெய் தேய்.

அன்புடன்,
அக்கா

பி.கு.: பேசிக்கொண்டிருந்தவருக்கு ஸ்டூலைப் போட்டேன், வேண்டாம் என்றார். முதுகுத்தண்டில் கோளாறாம், இந்த வருடம் பிறந்ததிலிருந்து உட்காருவதே இல்லையாம், காரில்கூடச் சாய்ந்து படுத்துக்கொண்டுதான் வருவாராம். தலைநகரத்திலும் அவருக்காக எல்லோரும் மூன்று நாளும் நின்றுகொண்டேதான் பேசினார்களாம். அறையில் ஒரு பெரிய சோபா இருந்தது அவருக்கு நினைவிருக்கிறது. அதன் பிளாஸ்டிக் உறையைக் கடைசிவரை யாரும் பிரிக்கவில்லையாம்.